கோர்வை போடுகிறவர்கள் கடலுக்குப் போனார்கள்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பால்காரர் அரை லிட்டரில் ஒரு விரல் குறைத்தால் போதும், தெருமுனை வரைக்கும் என் குரல் கேட்கும். ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கே பயமாக இருந்தது.

கணக்கெடுக்க ஒரு பெண் வந்திருந்தாள். சின்ன வயசு, தோளில் பை, கையில் பெரிய போன் மாதிரி ஒன்று. வீட்டுக்கு வீடு நெசவாளர்கள் எத்தனை பேர் என்று அதில் பதிந்துகொண்டு போனாள். அவள் எங்கள் வீட்டுக்குள் வந்தபோது வீட்டுக்காரர் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலது பக்கம் பலகைமேல் நான் உட்கார்ந்திருந்தேன், கையில் நூல் சுற்றின நாடாக் கட்டையோடு. இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். நாடா என் கையில்தான் இருந்தது.

"நெய்யறது யாருங்க?" என்றாள்.

"நான்தான்" என்றார் வீட்டுக்காரர்.

"அவங்க?"

"அதுவா? அது வீட்ல சும்மாதாம்மா இருக்குது."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். கொஞ்சம் தயங்கினாள் என்றுதான் நினைக்கிறேன். பிறகு "அப்ப இல்லத்தரசின்னு போட்டுடறேன்" என்று விரலால் ஒரு தட்டு தட்டினாள். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் புடவையின் உடலுக்கான நாடாவை என் பக்கம் தள்ளிவிட்டார். சண்டை போடக்கூட எனக்கு நேரமில்லை. நூலைக் கோத்து என் நாடாவை வீசினேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் காஞ்சிபுரத்துப் பட்டுப் புடவையில் உடல் ஒரு நிறம், பார்டர் வேறு நிறம். இரண்டும் தனித்தனி நூல். ஒவ்வொரு இழைக்கும் உடல் நூலையும் பார்டர் நூலையும் ஒன்றுக்குள் ஒன்று மாட்டி இழுக்க வேண்டும். அதற்குப் பெயர் கோர்வை. அது சரியில்லை என்றால் புடவை கட்டின நாலாம் நாள் பார்டர் தனியாகக் கழன்று வந்துவிடும். குழியில் உட்கார்ந்திருக்கிறவருக்கு இரண்டு கைதான். வலது பக்கத்துப் பார்டருக்கு இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். இருபத்தெட்டு வருஷமாக இவருக்கு, அதற்கு முன்னால் எங்கப்பாவுக்கு. நான் எழுந்து போனால் தறி நிற்கும். பாத்ரூமுக்குப் போனாலே நிற்கும். அப்படிப்பட்டவளுக்கு வீட்டில் சும்மா இருக்கிறவள் என்று பட்டம்.

அன்றைக்கு மத்தியானம் சாம்பார் ஊற்றும்போது அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் சாப்பிட்டார், துண்டால் வாயைத் துடைத்தார், மறுபடி குழியில் இறங்கினார். அவருக்கு அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. கெட்ட மனுஷர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். குடி கிடையாது, கை நீட்டமாட்டார். எனக்கு டைபாய்டு வந்தபோது பத்து நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவர் அவர். ஆனால் கணக்கெடுக்கிற பெண் கேட்ட ஒரே ஒரு கேள்விக்கு அவர் வாயில் நான் நெசவுக்காரி என்று வரவில்லை. யோசித்துச் சொல்லியிருந்தால்கூட ஆறியிருக்கும். யோசிக்காமலே சொன்னார்.

சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் மூன்று பேர் இருந்தார்கள். எதிர் வீட்டுக்காரி, பக்கத்து வீட்டு அக்கா, போன வருஷம் கல்யாணமாகி வந்த கடைசி வீட்டு மருமகள். மூன்று பேருமே என்னைப் போல வலது பக்கத்துப் பலகைக்காரிகள்தான். கேட்டுப் பார்த்தேன். மூன்று வீட்டிலும் அதே கதை, அதே பட்டம். கடைசி வீட்டு மருமகள் மட்டும் "நான் சொல்லிப் பாத்தேங்க்கா, நானும் நெய்யறேன்னு. மாமியார் குறுக்க பூந்து, அது இன்னும் கத்துக்கினு இருக்குதுன்னு சொல்லிட்டாங்க" என்றாள்.

"சரி. சும்மாதானே இருக்கிறோம்? சும்மா இருக்கிறவங்க ஊரைச் சுத்தலாம் இல்ல? வர்ற அமாவாசைக்குக் கடலுக்குப் போறோம்" என்றேன்.

கடல் எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அந்த மருமகள் பெண் வந்த நாளிலிருந்து "மகாபலிபுரம் ரெண்டு மணி நேரம்தாங்க்கா, ஒரு ட்ரிப் அடிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நாங்கள் சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம். நான் கடலைப் பார்த்ததே இல்லை என்றில்லை. சென்னையில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பஸ் ஜன்னலில் ஒரு தடவை தெரிந்தது. காலை நனைத்தது கிடையாது. வீட்டுக்காரர் கூட்டாளிகளோடு நாலு தடவை போய் நனைத்துவிட்டு வந்திருக்கிறார். ஈரத் துண்டைத் துவைத்துக் காயப்போட்டது நான்.

அமாவாசை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் தெருக்களில் அமாவாசையன்று தறியில் உட்காரமாட்டார்கள். எங்கப்பா காலத்திலும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான். ஆண்கள் குளித்துவிட்டு, முன்னோர்களுக்குப் படைத்துவிட்டு, வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டுக் குப்புறப் படுத்துத் தூங்குகிற நாள் அது. லீவு தறிக்கும் அவர்களுக்கும்தான். எங்களுக்கு அன்றைக்குத்தான் இடுப்பு ஒடியும். வீடு முழுக்கக் கழுவ வேண்டும், குழியைத் துடைக்க வேண்டும், விளக்கைத் தேய்க்க வேண்டும், உளுந்து அரைக்க வேண்டும். இருபத்தெட்டு வருஷத்து அமாவாசையில் ஒன்றிலாவது நான் மத்தியானம் கால் நீட்டியது கிடையாது.

வீட்டில் சொன்னேன். "போயிட்டு வா" என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். நான் போகமாட்டேன் என்று நினைத்திருப்பார். கடைசி வீட்டு மருமகள் போனிலேயே வேன் பேசி முடித்தாள்.

அமாவாசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது முதலாளி வீட்டு ஆள் வந்தார். தறியில் இருந்தது கல்யாணப் புடவை. அரக்கு உடல், பச்சை பார்டர். பெண் வீட்டார் அவசரப்படுகிறார்களாம், அமாவாசைக்கு மறுநாளே கையில் வேண்டுமாம். "ஒரு நாள்தானேண்ணா, அமாவாசைய பாக்காம ஒக்காந்துடுங்க. இல்லன்னா அடுத்த பாவு உங்களுக்கு வருமான்னு என்னால சொல்ல முடியாது" என்றார். தறியில் ஏற்றுகிற பாவு நூலை முதலாளி கொடுத்தால்தான் எங்களுக்கு வேலை. வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆள் போன பிறகு என்னிடம் சொன்னார். "கடல் எங்கியும் ஓடிடாது. அடுத்த மாசம் போ."

"தறியும் எங்கியும் ஓடிடாது" என்றேன்.

"வெளையாடாத. அடுத்த பாவு போயிட்டா இன்னா பண்றது?"

"அமாவாசைல ஒக்காரக் கூடாதுன்னு சட்டம் பேசினது யாரு? நீங்கதான? நம்ம கல்யாணமாயி மூணாம் மாசம், நான் அமாவாசைன்னு மறந்துபோயி நாடாவ எடுத்துட்டேன்னு ஒரு நாள் முழுக்கப் பேசாம இருந்தீங்களே. இப்ப முதலாளி சொன்னா அமாவாசை ரத்தாயிடுமா?"

"இது அவசரம்."

"அவசரம்னா நீங்க ஒக்காருங்க. நெய்யறது நீங்கதான? நான் வீட்ல சும்மா இருக்கறவதான?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை நாள் கழித்து! "அது ஏதோ பேச்சுக்குச் சொன்னது" என்றார். பேச்சுக்குச் சொன்னதைத்தான் அந்தப் பெண் பதிந்துகொண்டு போயிருக்கிறாள், அது எந்த ஆபீசிலோ இந்நேரம் பத்திரமாக இருக்கும் என்றேன். அன்றைக்கு வந்தது பாருங்கள் கோபம். சேர்த்து வைத்ததெல்லாம் வந்தது. எதிர் வீட்டுக்காரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, நியாயம் என் பக்கம்தான் என்று தெரிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவருடைய பயம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். அடுத்த பாவு வராவிட்டால் தறி காலியாக நிற்கும், இரண்டு பேருக்கும்தான் கஷ்டம். படுத்தால் எனக்கும் அதே நினைப்புதான் ஓடியது. ஆனால் இந்தத் தடவை விட்டுக்கொடுத்தால் நான் செத்தாலும் சும்மா இருந்தவளாகத்தான் சாவேன் என்று பட்டது. அது மட்டும் என்னால் முடியாது.

அமாவாசையன்று விடியற்காலையில் குளித்தேன். சோறு வடித்து, சாம்பார் வைத்து, வடை மாவை ஆட்டி வைத்தேன். "வடைய நீங்க சுட்டுக்குங்க. காக்காய்க்கு மொதல்ல வெச்சிட்டு அப்புறம் சாப்புடுங்க" என்றேன். அவர் குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "நெசமாவே போறியா?" என்றார். நான் செருப்பை மாட்டினேன்.

வேனில் ஏறி வாலாஜாபாத் தாண்டுகிற வரைக்கும் நாங்கள் நாலு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. ஏதோ தப்புப் பண்ணிவிட்டு ஓடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தோம். செங்கல்பட்டில் டீ குடித்த பிறகுதான் அக்கா வாயைத் திறந்தாள். "எங்க வீட்டுக்காரரு கேட்டாரு, கடல்ல இன்னா இருக்குதுன்னு. தண்ணிதான் இருக்குதுன்னு சொன்னேன். அப்ப இங்கியே பாத்ரூம்ல நின்னுக்கோயேன்னு சொல்றாரு அந்தாளு!" என்றாள். டீ புரைக்கேறுகிற அளவுக்குச் சிரித்தோம். அதற்கப்புறம் திருக்கழுக்குன்றம் போனது தெரியவில்லை.

மகாபலிபுரத்தில் எள் போட இடமில்லை. கார், பஸ், கறுப்புக் கண்ணாடி விற்கிறவன், சங்கு மாலை விற்கிறவள், கோயிலுக்கு முன்னால் நின்று போட்டோ எடுக்கிற கூட்டம். எங்கள் ஊரை ஆண்ட ராஜாக்களின் துறைமுகம் அது. அந்த ராஜா காஞ்சிபுரத்திலிருந்து கடல் பார்க்கக் கிளம்பும்போது அடுத்த மாசம் போ என்று எவனாவது சொல்லியிருப்பானா என்று நினைத்துக்கொண்டேன். கல்ரதத்தைப் பார்த்தோம், வெயில் மண்டையைப் பிளந்தது. அலையில் கால் வைக்கப் போனால் அங்கே நூறு பேர் நிற்கிறார்கள், குதிரை வேறு குறுக்கே ஓடுகிறது. அக்கா இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள். "இதுக்கு நம்ம ஊரு திருவிழாக் கூட்டமே தேவல" என்றாள்.

வேன்காரர் அந்தப் பக்கத்து ஆள். "கூட்டம் வேணாம்னா ஒரு எடம் இருக்குதும்மா. ஆனா மணல் இருக்காது, கல்லுதான். பரவால்லியா?" என்றார்.

"கல்லோ முள்ளோ, ஆளு இல்லன்னா போதும், போப்பா" என்றேன்.

ஊரைத் தாண்டித் தெற்கே போய், ஒரு சவுக்குத் தோப்புக்குள் திரும்பி, தோப்பு முடிகிற இடத்தில் நிறுத்தினார். இறங்கி நடந்தோம். கடல் எதிரே இருந்தது. கரை முழுக்கக் கூழாங்கல். கறுப்பு, சாம்பல், தவிட்டு நிறம், நடுநடுவே ஊதா ஓடின வெள்ளை. பாலாற்றில் நாங்கள் பார்த்த கல்தான், ஆனால் அது இவ்வளவு வழவழப்பு இல்லை. அலை வந்து போகும்போது கல்லையெல்லாம் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. பட்டாணியை முறத்தில் சாய்க்கிற சத்தம் வந்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு அம்மா தார்ப்பாய் விரித்து மீன் காய வைத்துக்கொண்டிருந்தார். வேறு ஆள் அரவம் இல்லை.

நான் நேராகத் தண்ணீருக்குப் போனேன். கல் உள்ளங்காலில் குத்தியது, தள்ளாடித் தள்ளாடிப் போனேன். முதல் அலை முழங்கால் வரைக்கும் வந்தது. ஐயோ, அந்தக் குளிர்ச்சி! காலுக்கடியில் கல்லெல்லாம் நகர்ந்து நான் ஒரு பக்கமாகச் சாய, எதிர் வீட்டுக்காரி என் கையைப் பிடித்தாள். அவள் என்னையும் இழுத்துக்கொண்டு விழுந்தாள். இரண்டு பேரும் புடவையோடு உட்கார்ந்துவிட்டோம். எழுந்திருக்க மனசே வரவில்லை. நாற்பத்தெட்டு வயசில் நான் அப்படிச் சத்தம் போட்டுச் சிரிப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

பிறகு கரையில் உட்கார்ந்து கல் பொறுக்கினோம். அங்கேதான் அந்த மீன்கார அம்மா எங்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். ஏனென்றால் நாங்கள் நாலு பேருமே முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு கல்லை எடுத்தோம். ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்ளவில்லை. தானாகவே அப்படி வந்தது. பட்டு வேலைக்காரிக்கு விரல் நுனி சொரசொரப்பானால் போச்சு, ஒவ்வொரு இழையும் விரலில் மாட்டும். அதனால் செங்கல்லைத் தொட்டாலும், முருங்கைக் கட்டையைத் தூக்கினாலும் துணியைச் சுற்றிக்கொண்டுதான் தூக்குவோம்.

"இன்னாம்மா, கல்லு சுடுதா?" என்றார் அந்த அம்மா.

"இல்லம்மா, கையி வீணாயிடும்" என்றாள் அக்கா.

"கையி வீணாயிடுமா? ராஜா ஊட்டுப் பொண்ணுங்களா நீங்க? இன்னா வேலை பாக்கறீங்க?"

நாலு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். யாராவது சொல்லட்டும் என்று ஒவ்வொருத்தியும் காத்திருந்தோம். அந்தக் கேள்வியை எங்களிடம் நேராக யாரும் கேட்டதில்லை, அதுதான் விஷயம். எப்போதும் பக்கத்தில் பதில் சொல்ல ஒரு ஆள் இருப்பார்.

"நெய்யறோம்" என்றேன். "காஞ்சிபுரம். பட்டு நெய்யறோம்."

"அட, அத சொல்றதுக்கு இன்னா இவ்ளோ யோசன?" என்றார் அந்த அம்மா. மீனைத் திருப்பிப் போடப் போய்விட்டார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உப்புக் காற்று என்று சொல்லிச் சமாளித்தேன். அப்புறம் விரலில் சுற்றின முந்தானையை உதறிவிட்டு, வெறுங்கையால் ஒரு கல்லை எடுத்துக் கடலில் வீசினேன். அக்கா "ஏய், கையி!" என்றாள். இன்னொன்றை எடுத்தேன். கை வீணானால் ஆகட்டும், ஒரு நாளைக்கு.

போன் அடிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். முதல் தடவை, எண்ணெய்ச் சட்டி எங்கே என்று கேட்டார். சொன்னேன். இரண்டாவது தடவை குரலில் ஒரு தெம்பு இருந்தது. "தறி ஓடுது. எதிர் வீட்டுக்காரர ஒன் பலகைல ஒக்கார வெச்சிருக்கேன். அவரும் சும்மாத்தான இருந்தாரு" என்றார்.

இதைச் சத்தமாகச் சொன்னேன். எதிர் வீட்டுக்காரி கல்லின்மேல் அப்படியே மல்லாந்துவிட்டாள். "எங்க வீட்டுக்காரரா? கோர்வையா? ஐயோ சாமி! குழிக்கு அந்தப் பக்கம் எப்பிடி இருக்கும்னே அந்த மனுஷனுக்குத் தெரியாதே!" என்றாள். நாற்பது வருஷ அனுபவசாலி அவர். விருது வாங்கினவர். என் வீட்டுக்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. இரண்டு பெரிய கைகாரர்கள் சேர்ந்து ஒரு புடவைக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் தறியில் இருப்பது கல்யாணப் புடவை.

புளிசோற்றைப் பிரித்து வைத்திருக்கும்போது மூன்றாவது தடவை அடித்தது. இப்போது தெம்பு இல்லை.

"இந்தாம்மா, கோர்வ பல்லு பல்லா நிக்குது. அவரு இழுத்தா சுருங்குது, உட்டா தொங்குது. நாலு விரக்கட ஓட்டிட்டோம், நாலும் கோணல். நீ நூல எப்பிடிப் புடிக்கிற?"

"எப்பிடின்னா?"

"அதாம்மா, மாட்டுனப்புறம் எவ்ளோ இழுக்கற?"

பதில் சொல்லத்தான் நினைத்தேன், சத்தியமாக. புடவை பாழாகக் கூடாது என்ற நினைப்பு எனக்கும் உண்டு. ஒரு கல்லை நாடா மாதிரி பிடித்துக்கொண்டு கையை வீசிப் பார்த்தேன். சுண்டுவிரல் மடங்குகிறது, மணிக்கட்டு ஒரு சின்னத் திருப்புத் திரும்புகிறது, கன்னத்தில் கொசு உட்கார்ந்த மாதிரி நூல் விரலுக்கு ஒரு உணர்வு கொடுத்ததும் விரல் தானாக விடுகிறது. இதை எந்த வார்த்தையில் சொல்வது? இத்தனை வருஷமாக எனக்கே தெரியாமல் என் கை இவ்வளவையும் வைத்திருக்கிறது. நான் ஒருநாளும் அதை எடுத்துப் பார்த்ததில்லை. பெருமையாக இருந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன், ரொம்பப் பெருமையாக இருந்தது.

"போன்ல சொல்ற வேல இல்லீங்க அது" என்றேன். "சும்மா இருக்கறவங்க பண்றதுதான? ரெண்டு ஆம்பளைங்க இருக்கீங்க, பண்ணுங்க."

"ஏய், வெளையாட்டு இல்ல. எப்ப வர்ற?"

"இருட்டறதுக்குள்ள வந்துடுவேன்."

"இப்பவே கெளம்பு. மத்தியானத்துல வந்துட்டா கூட—"

போனைக் கடல் பக்கம் நீட்டிப் பிடித்தேன். ஒரு பெரிய அலை வந்து கல்லையெல்லாம் உருட்டிக்கொண்டு போனது. இன்னொன்று வந்தது. மறுபடி காதில் வைத்தபோது அவர் "அலோ, அலோ, இன்னா சத்தம் அது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கட் பண்ணினேன். கடைசி வீட்டு மருமகள் என் கையிலிருந்து போனை வாங்கி ஆஃப் செய்து தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பயமாக இல்லையா என்று கேட்டால், இருந்தது. புளிசோற்றை மறுபடி மூடி வைத்தேன். அடுத்த பாவு போய்விடுமோ, அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்குக் கோணல் புடவை போய்விடுமோ என்று என்னென்னவோ ஓடியது. எழுந்து வேன்காரரைக் கூப்பிட்டுவிடலாம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எழுந்துடாதடி. இன்னிக்கு எழுந்தன்னா, அப்புறம் அந்தப் பலகைய விட்டு எந்திரிக்கவே முடியாது" என்றாள். அவள் சொன்னதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. கல்லின்மேல் துண்டை விரித்துப் படுத்தேன். முதுகில் நாலு இடத்தில் குத்தியது. அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். அமாவாசை மத்தியானத்தில் நான் தூங்கின முதல் தூக்கம் அது.

வெயில் தாழ்ந்த பிறகு இன்னொரு தடவை தண்ணீரில் இறங்கிவிட்டுத்தான் கிளம்பினோம். ஆளுக்கொரு கல் எடுத்துக்கொள்ளலாம் என்றாள் மருமகள் பெண். அக்கா மூன்று எடுத்தாள். நான் எடுக்கவில்லை. வேண்டுமென்றால் மறுபடி வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

தெருவுக்குள் வேன் திரும்பியபோது விளக்கு வைக்கிற நேரம். எதிர் வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார், வலது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு. பெண்டாட்டியைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்ததே, கல்யாணத்தன்றுகூட அப்படி மலர்ந்திருக்காது. என்னைப் பார்த்து, "யம்மா, ஒங்க பலகையில குந்துனா முதுகு எப்பிடிம்மா நிக்குது?" என்றார். நெய்ததை எல்லாம் மத்தியானத்திலிருந்து உட்கார்ந்து இழை இழையாகப் பிரித்தார்களாம். பிரிக்கவே மூன்று மணி நேரம். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "முதலாளி ஆளு போன் பண்ணான். ஒங்க வீட்டுக்காரன் சொல்லிட்டான், நெய்யறவங்க ஊர்ல இல்ல, ஒரு நாள் தள்ளித்தான் ஆவும்னு. அவன் கத்துனான். இவன் வெச்சிட்டான்."

சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதை முதலாளி ஆளிடம் சொன்னாரே தவிர, என்னிடம் சொல்லவில்லை. போனில் சொல்வது சுலபம். நான் அவ்வளவு சீக்கிரம் இளகுகிறவள் இல்லை.

உள்ளே போனேன். வடை கருகின வாசனை வீடு முழுக்க இருந்தது. தறியில் பச்சைப் பார்டர் நேற்று நான் விட்ட இடத்திலேயே நின்றது, ஒரு இழை கூடவில்லை. வீட்டுக்காரர் சமையல்கட்டில் டீ போட்டுக்கொண்டிருந்தார். ஒரு டம்ளரை என்னிடம் நீட்டினார். சர்க்கரை அதிகம். குடித்தேன்.

"கடலு எப்பிடி இருந்துச்சு?" என்றார்.

"கல்லா இருந்துச்சு. நல்லா இருந்துச்சு."

அவர் தறியைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் கீறியிருந்தது. அலமாரியிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். டம்ளரை வாங்கிக் கழுவி வைத்துவிட்டுக் கேட்டார்.

"நாளைக்கு எத்தினி மணிக்கு ஒக்காருவ?"

இருபத்தெட்டு வருஷத்தில் அவர் என்னை அப்படிக் கேட்டதில்லை. அவர் உட்காருகிற நேரம்தான் என் நேரம். விடியற்காலை ஐந்து மணி.

"ஒம்போது மணிக்கு" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் பழக்கதோஷத்தில் ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. வாசல் தெளித்தேன், கோலம் போட்டேன், குளித்தேன், தலை ஆற்றினேன். அவர் ஆறு மணிக்கே குழியில் இறங்கி, இரண்டு நாடாவையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஏழு மணிக்கு முதலாளி வீட்டு ஆள் வாசலில் வந்து, "இன்னாண்ணா, தறி சத்தமே காணோம்?" என்றார். "ஒம்போது மணிக்குத்தான் ஆரம்பிக்கும்" என்று உள்ளிருந்தே பதில் சொன்னார் வீட்டுக்காரர். நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு டீ குடித்தேன். எட்டு மணிக்கு இன்னொரு டீ குடித்தேன். கை பரபரத்தது, எனக்கா தெரியாது? பலகை கூப்பிட்டது. போகவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது அடித்த பிறகு போய் உட்கார்ந்தேன்.